ஆட்சேபணை எண் 1847

எங்கள் குடியிருப்பில் சூரியன் உதிப்பதற்கே ஆட்சேபணை தெரிவித்த மனிதர் ஒருவர் இருக்கிறார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். சீட்டு எண் 212 என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. "கிழக்குப் பக்க வேப்பங்கிளையை வெட்டியதன் விளைவாக, காலை ஆறேகாலுக்கே சூரியன் நேராக என் முகத்தில் விழுகிறது. இதை நான் ஆட்சேபிக்கிறேன். கிளை மீண்டும் வளரும்வரை சங்கம் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்."

சங்கம் ஒரு மூங்கில் தட்டி வாங்கிக் கொடுத்தது. தட்டியின் நிறத்தைப் பற்றியது எண் 213.

மயிலாப்பூர்க் குளத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடத்தில் எங்கள் கட்டடம் வந்துவிடும். மூன்று மாடி, பன்னிரண்டு வீடுகள், ஒரு லிப்ட், மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பகலில் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சரக்கு இருப்பைக் கவனிக்கிறேன். மற்ற நேரத்தில் பதினொரு வருடமாக இந்தக் கட்டடத்தின் சங்கச் செயலாளர். சூரியனை ஆட்சேபித்தவர் வீடு முதல் மாடியில். வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது, யாரும் படித்ததில்லை. கூரியர்காரர்கூடக் கீழே நின்று, "ஆட்சேபணை சார் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற செய்தியைச் சட்டைப்பைக்குச் சொல்லவில்லை. அதில் எப்போதும் ஓர் அரைக் கிலோ கல் இருக்கும். ஒருநாள் மார்க்கெட்டில் அவர் பின்னால் நின்றேன். காய்கறிக்கார அம்மாள், இவர் வந்தாலே வம்பு என்று, வெண்டைக்காயைத் தாராளமாகவே போட்டார். இவர் தன் கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வெண்டைக்காயை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டார்.

"ஐயே, இன்னா நைனா இது! கொறைச்சுப் போட்டாலும் திட்ற, ஏத்திப் போட்டாலும் திட்ற. நான் இன்னாதான் பண்றது?"

"சரியாப் போடும்மா. அவ்ளோதான் நான் கேக்கறது."

எனக்கு வரும் சீட்டுகளும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை அளவாக வெட்டி, நீல மையில், வரிசை எண்ணிட்டு எழுதுவார். காலை ஆறு பத்துக்கு மூன்றாம் மாடி ஏறி வந்து என் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். லிப்டில் வரமாட்டார். 'ஆறு பேர்' என்று அதில் எழுதியிருப்பதற்கு எடை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பதால் (எண் 9) அதைப் பதினொரு வருடமாகப் புறக்கணித்து வந்தார்.

முதன்முதலில் என்னைச் செயலாளராக்கிய கூட்டம் நினைவிருக்கிறது. எதிர்த்து யாரும் நிற்கவில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். 'ஒருமனதாக' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். மூலையிலிருந்து, "ஆட்சேபணை!" என்று குரல் வந்தது.

"என்மேல என்ன சார் குறை?" என்றேன்.

"உம்மமேல ஒரு குறையும் இல்லை. ஒருமனதான்னு எழுதினா, இங்க ஒருத்தரும் யோசிக்கலைன்னு அர்த்தம். நான் யோசிச்சேன். அது பதிவாகணும்."

பதினொன்றுக்கு ஒன்று என்று பதிவானது. கூட்டம் முடிந்ததும் என் கையைக் குலுக்கி, "நல்ல தேர்வு" என்றார்.

மொத்தச் சீட்டுகளில் பாதிக்குமேல் தண்ணீர்த் தொட்டி வழிவது பற்றியவை. காவலாளி ஏழுமலை நொச்சிக்குப்பத்துக்காரர்; நல்ல மனிதர். மோட்டாரைப் போடுவதில் அவருக்கு இருக்கும் அக்கறை அணைப்பதில் இருக்காது. தொட்டி நிரம்பி, பின்பக்கத் தகரக் கூரையில் தண்ணீர் கொட்டும் சத்தம் எங்கள் யாருக்கும் கேட்பதற்கு முன்பே முதல் மாடி ஜன்னல் திறக்கும். "ஏழுமலை! தொட்டி!" பிறகு மறுநாள் காலை சீட்டு. ஏழுமலை என்னிடம் புலம்புவார்: "தண்ணி வழியுறதுக்கு முன்னாடியே கத்துறாரு சார். அவரு காது இன்னா காதா, கார்ப்பரேசன் மீட்டரா?"

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு பத்துக்குச் சீட்டு வரவில்லை. ஆறரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

மூளைத்தண்டில் அடைப்பு என்றார்கள். இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது கை இல்லை, கால் இல்லை, பேச்சு இல்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, அவர் சொல்லைக் கேட்கவில்லை. கூடத்தில் ஜன்னல் ஓரமாக, கீழே கார் நிறுத்துமிடம் தெரியும் அளவுக்குத் தலைமாட்டை உயர்த்திக் கட்டில் போட்டார்கள். கண்கள் மட்டும் திறந்திருக்கும். அவை எதைப் பார்க்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கதவுக்கு அடியில் ஒன்றும் வராதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஆறு பத்துக்குத் தானாக விழிப்பு வந்தது. எழுந்து கதவைப் பார்ப்பேன். வெறும் தரை.

ஆமாம் என்றால் கண்ணைச் சிமிட்டுங்கள் என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் இமையோ தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. "போர்வை போத்தட்டுமா?" ஆமாம். "எடுத்துடட்டுமா?" ஆமாம். "நான் யாருன்னு தெரியறதா?" ஆமாம். "நான் உங்க அம்மாவா?" ஆமாம். வாழ்நாளில் எதற்கும் ஆமாம் போடாத மனிதர், கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"இது அவர் இல்லை சார்" என்றார் மாமி. அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். "நாப்பத்திரண்டு வருஷத்துல எனக்கு இத்தனை ஆமாம் கெடைச்சதே இல்லை."

மகன் வெளிநாட்டிலிருந்து தினமும் போனில் பேசினான். அப்பா உள்ளே இல்லை அம்மா, அந்த உடம்பை வைத்துக்கொண்டு நீ தனியாக அல்லாடாதே, திருவான்மியூர் தாண்டி ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்திருக்கிறேன், அங்கே சேர்த்துவிட்டு நீ இங்கே வந்துவிடு என்றான். மாமி என்னிடம் சொன்னது இதுதான்: "அவர் உள்ளே இருக்காரா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போறும். இருந்தா, எத்தனை வருஷமானாலும் இந்த ஆத்துலயே வெச்சுண்டு பாத்துப்பேன். இல்லேன்னா, அவன் சொல்றபடி கேக்கறேன்."

மருத்துவர்தான் அடையாறு பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றைச் சொன்னார். மூளையின் மின் அலைகளைத் தொப்பி போட்டுப் பிடித்து, அதைக் கொண்டு கணினியை இயக்க வைக்கிறார்களாம். அங்கிருந்து சிந்து என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். கைவசம் இருப்பது சில கருவிகளே. மூன்று முறை முயன்று பார்ப்போம், ஒன்றும் வரவில்லை என்றால் கருவி அடுத்த நோயாளிக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தொப்பி நீச்சல் தொப்பி போல இருந்தது. அதில் சட்டைப் பொத்தான் அளவு தகடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி. மண்டைக்குள் எதையும் செருகுவதில்லை. திரையில் கட்டம் கட்டமாக எழுத்துகள், கடைசி வரிசையில் எண்கள். வரிசைகள் மாறி மாறி மின்னும்.

"மின்னினா எப்படிம்மா அவர் நினைக்கிறது தெரியும்?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்ல நிக்கிறீங்க அங்கிள். எத்தனையோ பஸ் வரும், போகும், ஒண்ணும் தோணாது. உங்க நம்பர் பஸ் வந்தா மட்டும் உள்ள டக்குனு ஒரு ஜெர்க் வருதுல்ல? தனக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது சாருக்கும் அந்த ஜெர்க் வரும். அதைத்தான் தொப்பி பிடிக்குது."

பெட்டி தூக்கி வந்த ஏழுமலை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சார், மண்டைக்குள்ள கீறத அப்டியே டிவில காட்டிடுமா?"

"கிட்டத்தட்ட."

"அப்போ எனக்கு மாட்டிடாதீங்க. உள்ள சாரைப் பத்தி நெறைய கீது."

முதல் நாள் முழுத் தோல்வி. ஒரு தகடும் அலையைப் பிடிக்கவில்லை. சிந்து ஜெல்லை மாற்றினாள், கம்பியை மாற்றினாள், கணினியை அணைத்துப் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, சந்தேகத்தோடு அவர் தலையைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தாள்.

"ஆன்ட்டி... தலையில எண்ணெய் வெச்சீங்களா?"

"வெச்சேனே! நன்னா சூடு பறக்கத் தேய்ச்சு, படிய வாரி விட்டேன். வெளி மனுஷா வரச்சே தலை பரட்டையா இருந்தா நன்னாவா இருக்கும்?"

ஒரு மூடி தேங்காய் எண்ணெயில் அந்த நாள் போயிற்று. அலை வழுக்கிவிட்டது என்று என் நாட்குறிப்பில் எழுதினேன்.

இரண்டாவது முறை ஷாம்பு போட்டு அலசிய தலை. அலை வந்தது. ஆனால் தெளிவில்லை. 'தண்ணீர்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும்படி சிந்து சொன்னாள். திரையில் வந்தது எந்த மொழியிலும் சேராத ஒன்று. "வலி" என்று கேட்டாள். அதுவும் அப்படித்தான். "ஏதோ இருக்கு, ஆனா அவர் கவனிக்கிறாரான்னு சொல்ல முடியல அங்கிள்" என்றாள். மாமி உள்ளே போய்க் காபி கலந்தார். மூன்று டம்ளருக்குப் பதில் நான்கு டம்ளர் கொண்டுவந்தார்.

மூன்றாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். கடைசி முறை என்று தெரிந்து ஏழுமலையும் மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. மாமி சுவாமி படத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார், இரண்டு பக்கமும் பார்க்க வசதியாக.

"சார், இன்னைக்கு நான் எதையும் கேக்கல. உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க" என்றாள் சிந்து.

வரிசைகள் மின்னின. ஒரு நிமிடம் ஆனது. திரையின் மேல் ஓரத்தில் ஓர் எண் வந்து நின்றது: 1. அடுத்த நிமிடம், 8. பிறகு 4. பிறகு 7.

சிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எல்லாம் கடைசி வரிசை அங்கிள். தலை கொஞ்சம் சரிஞ்சிருக்கு, கண்ணு கீழ் வரிசையிலேயே நிக்குதுன்னு நினைக்கிறேன். இது... அர்த்தமில்லாம வர்ற நம்பர். ஸாரி ஆன்ட்டி."

சிந்து தொப்பியின் வாரைத் தளர்த்தக் கையை நீட்டினாள்.

"கழட்டாதம்மா!" என்றேன். நான் குரல் உயர்த்திப் பேசுபவன் அல்ல. ஏழுமலை திடுக்கிட்டுச் சுவரில் இடித்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷம். அப்படியே இருக்கட்டும்."

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. அலமாரியில் ஆட்சேபணைகள் கோப்பு ஆறு, கடைசிப் பக்கம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, சிந்துவின் முன்னால் விரித்தேன். அவர் விழுவதற்கு முந்தைய நாள் காலை வந்த சீட்டு, நீல மை, படிக்கட்டில் எரியாத விளக்கு பற்றியது. மேலே வலது மூலையில் எண்: 1846.

சிந்து சீட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"இது நம்பர் இல்லம்மா" என்றேன். "தலைப்பு. சார் எனக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சிருக்கார்."

மாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் கட்டிலுக்கு அருகில் போய், கூட்டத்தில் சொல்வதுபோலவே சொன்னேன்: "சார், எண் 1847 பதிவு செய்யப்பட்டது. விவரம் சொல்லலாம்."

வரிசைகள் மீண்டும் மின்னத் தொடங்கின. நாங்கள் நால்வரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்த மனிதர் பேசப் போகிறார். என்ன சொல்வார்? மனைவியைப் பற்றியா, மகனைப் பற்றியா? உள்ளே தனியாகக் கிடந்த பயத்தைப் பற்றியா? 'தொ' வந்தது. நீண்ட இடைவெளி. 'ட்' வந்தது. மாமி, "தொட்டுப் பாருங்கோன்னு சொல்றாரோ" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு 'டி'.

தொட்டி.

நான் போய் மின்விசிறியை அணைத்தேன். கூடம் அமைதியானது. பின்பக்கத் தகரக் கூரையில் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, மோட்டாரு!" ஏழுமலை செருப்பை விட்டுவிட்டு ஓடினார். படிக்கட்டு முழுவதும் அவர் குரல் கேட்டது: "வந்துட்டாருய்யா! ஆட்சேபணை சாரு வந்துட்டாரு!"

மாமி அழுதுகொண்டே சண்டைக்குப் போனார். "அஞ்சு மாசம் கழிச்சு மொத வார்த்தை! பொண்டாட்டி எப்படி இருக்கேன்னு ஒண்ணு உண்டா? தொட்டியாம், தொட்டி! இது அவரேதான் சார். சந்தேகமே இல்லை. இவர் அவரேதான்!"

அன்று மாலை மகனிடம் அவர் போனில் பேசியது மாடிப்படி வரை கேட்டது. "அப்பா ஆத்துல இருக்கார்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கருவி இங்கேயே தங்கியது. செவ்வாயும் வெள்ளியும் சிந்து வந்து தொப்பி மாட்டுவாள். எழுத்துக் கூட்டி எழுதுவது அவரைக் களைப்பாக்குகிறது என்று நான்கு பெரிய கட்டங்கள் அமைத்துக் கொடுத்தாள்: தண்ணீர், வலி, திருப்பிப் படுக்க வை, விசிறி. எதிலும் அவருக்கு நாட்டமில்லை. ஐந்தாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று எழுத்துக் கூட்டியே கேட்டு வாங்கினார். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விவரமாக எழுத வேண்டியதை மட்டும் எழுத்துக் கூட்டுவார். மாமி அதைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நகலெடுத்து, மறுநாள் காலை ஆறு பத்துக்கு என் கதவுக்கு அடியில் தள்ளுவார். மாமி லிப்டில் வருகிறார் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் வேண்டாம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் மோட்டார் சுவிட்ச் போடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. கூட்டத்தை அவர் கூடத்திலேயே, ஒரு வெள்ளிக்கிழமை வைத்தேன். ஏழுமலை மட்டும் என்னைத் தனியே அழைத்து, "வோணாம் சார். ஆட்டோமேட்டிக் போட்டுட்டா அப்புறம் அவரு இன்னாத்த எழுதுவாரு?" என்றார். நான் கேட்கவில்லை. பதினொரு கைகள் உயர்ந்தன. ஐந்தாவது கட்டம் ஒளிர்ந்தது. ஒருமனதாக என்று இம்முறையும் எழுத முடியவில்லை.

ஏழுமலை சொன்னதே நடந்தது. தொட்டி வழியவில்லை. விளக்குகள் எல்லாம் எரிந்தன. லிப்டில் எடை அளவை எழுதி ஒட்டிவிட்டேன். மூன்று வாரம் ஒரு சீட்டும் இல்லை. சிந்து வருத்தப்பட்டாள். "சரியா வர்ற எழுத்து கொறைஞ்சுக்கிட்டே வருது அங்கிள். கருவில தப்பு இல்ல. சாருக்கு ஆர்வம் போயிடுச்சு. உங்க பில்டிங்ல ஒரு தப்புகூடவா நடக்கல?"

என் வாழ்க்கையில் நான் எதையும் கோணலாக வைத்தவன் அல்ல. மேசையில் பென்சில்கள்கூட நேராக இருந்தால்தான் எனக்கு எழுத வரும். அன்று மாலை வேலை முடிந்து வந்ததும், அவர் ஜன்னலுக்கு எதிரே, அவர் கண்ணில் படும்படி என் காரை நிறுத்தினேன். மஞ்சள் கோட்டுக்கு மேலே நான்கு விரற்கடை வலது சக்கரம் ஏறியிருக்கும்படி. இறங்கி வந்து, விரல் வைத்து அளந்து பார்த்துக்கொண்டேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சிந்து தொப்பியை மாட்டி முடிப்பதற்குள் ஐந்தாவது கட்டம் ஒளிர்ந்ததாம். சனிக்கிழமை ஆறு பத்துக்குச் சீட்டு வந்தது. "எண் 1849. செயலாளர் கார். கோடு."

அதன்பிறகு வாரம் இரண்டு. காரை அடிக்கடி அதே நான்கு விரல் ஏற்றி நிறுத்தினேன். ஒருநாள் மிதியடியைக் கோணலாகப் போட்டேன். ஒருநாள் அறிவிப்புப் பலகையில் கிழமையை மாற்றி எழுதினேன். மாமி கீழே போகும்போது இவற்றைப் பார்த்து வந்து சொல்லிவிடுவார். எழுத்துகள் தெளிவாக வருகின்றன என்று சிந்துவுக்கு மகிழ்ச்சி. காரணம் என்னவென்று அவளிடம் நான் சொல்லவில்லை.

நேற்றுக் காலைச் சீட்டு எண் 1861. மாமியின் கையெழுத்தில் ஒரே வரி: "எப்பவும் சரியா நாலு விரல். வேணும்னே செய்யறீர். செல்லாது."

முப்பது வருடம் போலி எடைக்கற்களைப் பிடித்தவரை நான் ஏமாற்ற நினைத்திருக்கக் கூடாது. சீட்டைக் கோப்பில் சேர்த்தேன். கடைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நாளை சிந்து வரும் நாள். இன்று மாலை காரைக் கோட்டின்மேல் இரண்டு விரல் அளவுக்குத்தான் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். ஒன்றரையாகவும் இருக்கலாம். இம்முறை நான் அளந்து பார்க்கவில்லை. அதை அவர் பார்த்துக்கொள்வார்.